வீட்டில் இரண்டாவது ரூட்டர்: சண்டை வராமல் சேர்ப்பது எப்படி?

வீட்டின் முன்பக்கம் ரூட்டர் இருக்கும். பின்பக்க அறையில் கதவைச் சாத்தினால் வைஃபை ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிடும். அலமாரியில் பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கும். அதை எடுத்து வந்து, முதல் ரூட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செருகிய பத்து நிமிடத்தில் வீட்டில் பாதிப் பேருக்கு நெட் போய்விட்டது. எல்லாருக்கும் போயிருந்தால்கூடச் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பேன். என் லேப்டாப்பில் வருகிறது, பக்கத்தில் இருக்கும் போனில் வரவில்லை. அரை மணி கழித்து லேப்டாப்பிலும் நின்றுவிட்டது. இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்கு இரண்டு தடவை போன் போட்டுக் கோபப்பட்ட பிறகுதான், கோளாறு நான் செய்த வேலையில் இருக்கிறது என்று உறைத்தது.

பெட்டி பழுதில்லை, கேபிளும் பழுதில்லை. இரண்டு ரூட்டருமே தான்தான் வீட்டுக்குப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டன. ஒரே உறையில் இரண்டு கத்தி. ஆகவே இரண்டாவதோ மூன்றாவதோ ரூட்டர் சேர்க்கும்போது செய்ய வேண்டியதெல்லாம், புதிதாக வருகிற பெட்டியிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்வதுதான். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் இருப்பது நாலு பேர்

நாம் ரூட்டர் என்று சொல்லும் பெட்டிக்குள் உண்மையில் நாலு வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வெளி இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வாசலில் நிற்கிறார். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் போக்குவரத்தையும் ஒரே முகவரியில் வெளியே அனுப்பி, திரும்பி வருவதை உரியவரிடம் சேர்ப்பது இவர் வேலை. இதற்குப் பெயர் என்ஏடி. இன்னொருவர் டிஹெச்சிபி: புதிதாக வரும் ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு ஐபி முகவரி கொடுப்பவர், கூட்டத்தில் டோக்கன் கொடுப்பவரைப் போல. மூன்றாமவர் ஸ்விட்ச். பெட்டியின் பின்னால் வரிசையாக இருக்கும் லான் போர்ட்டுகளை ஒன்றோடு ஒன்று இணைத்து வைப்பவர். நான்காமவர் வைஃபை அலையைப் பரப்புபவர், அதாவது ஆக்சஸ் பாயின்ட்.

இரண்டாவது ரூட்டரில் நமக்குத் தேவை கடைசி இரண்டு பேர் மட்டும். வாசலில் நிற்பவரும் டோக்கன் கொடுப்பவரும் முதல் பெட்டியிலேயே இருக்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே எண் இரண்டு பேருக்குப் போகும். அல்லது, வாசல் எந்தப் பக்கம் என்று ஒருவர் தப்பாகக் கைகாட்டுவார். என் வீட்டில் பாதிப் பேருக்கு நெட் வராமல் போனது இதனால்தான். யார் முந்திக்கொண்டு டோக்கன் கொடுத்தாரோ, அதைப் பொறுத்து அந்தந்தக் கருவியின் விதி அமைந்தது.

பெட்டியின் பின்னால் தனி நிறத்திலோ சற்றுத் தள்ளியோ ஒரு போர்ட் இருக்குமே, அதுதான் வான் போர்ட் (வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). வெளியிலிருந்து இணையம் நுழையும் வாசல் அது. மற்றவை லான் போர்ட்டுகள். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பின்னால் எல்லாமே இதில்தான் தொங்குகிறது.

தொடங்குவதற்கு முன்

தேவையானவை: ஒரு லேப்டாப், இரண்டு ஈதர்நெட் கேபிள்கள் (ஒன்று குட்டையாக, ஒன்று அறையை எட்டும் அளவுக்கு), ஒரு குண்டூசி அல்லது பேப்பர் கிளிப், ஒரு துண்டுக் காகிதம், பேனா. காகிதத்தைக் கேலியாக நினைக்க வேண்டாம். பாதி வழியில் நெட் இருக்காது, பார்த்து எழுதிக்கொள்ள அதுதான் உதவும்.

நீளமான கேபிள் கேட்5இ (Cat5e) அல்லது கேட்6 (Cat6) வகையாக இருக்கட்டும். கேட்5இ கேபிளே 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் தாங்கும். வீட்டுக்குள் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. கேபிளைவிடப் பழைய ரூட்டரைத்தான் கவனிக்க வேண்டும். அதன் போர்ட்டுகள் 100 மெகாபிட் வகையாக இருந்தால், உங்கள் இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அந்த அறையில் 100-ஐத் தாண்டாது. பின்னால் வேகம் சோதிக்கும்போது எண் எப்போதும் 94-ஐ ஒட்டியே வந்து நின்றால், எங்கேயோ ஒரு 100 மெகாபிட் போர்ட்டோ அறுந்த கம்பியோ இருக்கிறது என்று அர்த்தம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. அவற்றில் நான்கு மட்டும் சரியாகப் பிடித்திருந்தாலும் இணைப்பு கிடைக்கும், ஆனால் இந்த வேகத்தில்தான்.

முதலில் முதல் ரூட்டரின் முகவரியைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருப்பதுதான் அது. போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் 'கேட்வே' அல்லது 'ரூட்டர்' என்று காட்டும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள் உலகெங்கும் உள் வலையமைப்புகளுக்காகவே ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே எண் இருந்தும் மோதிக்கொள்வதில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்தால்தான் மோதும்.

அந்த முகவரியை பிரவுசரில் தட்டி, ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் போங்கள். டிஹெச்சிபி பக்கத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை விநியோகம் நடக்கிறது என்று பாருங்கள். 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று இருந்தால் நல்லது, 2 முதல் 99 வரை காலியாகக் கிடக்கிறது. 2 முதல் 254 வரை மொத்தமும் விநியோகத்தில் இருந்தால், தொடக்கத்தை 20 அல்லது 50 ஆக மாற்றிச் சேமியுங்கள். இரண்டாவது ரூட்டருக்கு யாருக்கும் டோக்கனாகப் போகாத ஓர் எண் வேண்டும், அதற்காகத்தான் இது. காகிதத்தில் எழுதுங்கள்: முதல் ரூட்டர் 192.168.1.1, இரண்டாவது 192.168.1.2. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை (டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3), இப்போது ஓடும் சேனல் எண் இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் ரூட்டரில் வேலை அவ்வளவுதான்.

இரண்டாவது ரூட்டரை அடக்குவது

சுருக்குவழி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சற்றுப் புதிய ரூட்டர்களில் பலவற்றில் 'ஆபரேஷன் மோடு' என்ற பகுதியில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் கீழே சொல்லும் முகவரி, டிஹெச்சிபி வேலைகளைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். இந்த மோடில் பெரும்பாலும் வான் போர்ட்டிலேயே கேபிளைச் செருகலாம். வைஃபை பெயர் வைப்பது மட்டும்தான் பாக்கி. அப்படி ஒன்று இருந்தால் தயங்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் செய்வதில் கூடுதல் புண்ணியம் எதுவும் இல்லை.

இல்லாதவர்களுக்கு, இதோ முறை.

படி 1. இரண்டாவது ரூட்டரை முதல் ரூட்டரோடு இன்னும் இணைக்காதீர்கள். மின்சாரம் மட்டும் கொடுங்கள். பின்னால் சின்ன ஓட்டைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானைக் குண்டூசியால் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எல்லா விளக்கும் ஒரு முறை அணைந்து எரியும். பழைய பாஸ்வேர்டு, பழைய செட்டிங்ஸ் எல்லாம் போய், தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பியிருக்கும்.

படி 2. குட்டைக் கேபிளால் லேப்டாப்பை அதன் லான் போர்ட் ஒன்றில் இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் லேப்டாப் முதல் ரூட்டரோடும் பேசிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே 192.168.1.1 முகவரி என்றால், நீங்கள் எந்த ரூட்டரின் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே தெரியாது. முதல் ரூட்டரின் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு முழிக்கிறவர்கள் இந்த வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

படி 3. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரி, பாஸ்வேர்டு கொண்டு உள்ளே நுழையுங்கள். 'இணைய இணைப்பை அமைக்கலாமா' என்று ஒரு வழிகாட்டிப் பக்கம் வரும், அதைத் தாண்டிப் போய்விடுங்கள். முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

படி 4. வைஃபையை அமையுங்கள். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் முதல் ரூட்டரில் உள்ளது போலவே, எழுத்துக்கு எழுத்து. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் போன் அதை வேறு வலையமைப்பாகத்தான் பார்க்கும். சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

படி 5. லான் செட்டிங்ஸில் ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. முதல் மூன்று எண்களும் முதல் ரூட்டரோடு ஒத்துப்போக வேண்டும், கடைசி எண் மட்டும் வேறு. உங்கள் முதல் ரூட்டர் 192.168.0.1 என்றால் இது 192.168.0.2. சேமித்ததும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். பயப்படாதீர்கள், வீடு மாறிப் போனவரைப் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டி, புது முகவரியில் மறுபடி நுழையுங்கள்.

படி 6. இப்போது டிஹெச்சிபியை அணைத்துச் சேமியுங்கள். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) பகுதி தனியாக இருந்தால் அதிலும் முகவரி விநியோகத்தை நிறுத்துங்கள். இதை ஏன் கடைசியில் செய்கிறோம்? டிஹெச்சிபி நின்ற பிறகு கேபிளைக் கழற்றி மாட்டினால் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆள் இருக்காது. அது தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ரூட்டருக்குள் நுழைய முடியாது. ஏதாவது விட்டுப்போயிருந்தால், லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.10 போன்ற ஒரு முகவரி கொடுத்து உள்ளே போகலாம். வேலை முடிந்ததும் அதைத் தானியங்கிக்கு மாற்ற மறக்கக் கூடாது.

படி 7. நீளமான கேபிளின் ஒரு முனை முதல் ரூட்டரின் லான் போர்ட்டில், மறு முனை இரண்டாவது ரூட்டரின் லான் போர்ட்டில். லானிலிருந்து லானுக்கு. வான் போர்ட்டைத் தொடவே வேண்டாம். அது காலியாக இருக்கட்டும். யாராவது பழக்கதோஷத்தில் செருகிவிடுவார்களோ என்று பயமாக இருந்தால் மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவது ரூட்டர் இருந்தால்? அதே ஏழு படிகள், முகவரி மட்டும் 192.168.1.3. முதல் ரூட்டரிலிருந்து நேராகக் கேபிள் இழுக்கலாம், இரண்டாவதிலிருந்தும் இழுக்கலாம். ஆனால் எந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலும் ஒரே ஒரு பாதைதான் இருக்க வேண்டும். 'இரண்டு கேபிள் போட்டால் இரண்டு மடங்கு வேகம்' என்று நினைத்து வட்டமாக இணைத்துவிட்டால், ஒரு செய்தி உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த வலையமைப்பையும் முடக்கிவிடும். எல்லாப் பெட்டிகளிலும் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் வெறி பிடித்தாற்போல மினுக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். கூடுதல் கேபிளைப் பிடுங்குங்கள், தானே அடங்கிவிடும்.

சேனலும் இடமும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பதினொன்றோ பதின்மூன்றோ சேனல்கள் பட்டியலில் தெரியும். அவை ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடப்பவை. ஒன்றையொன்று தொடாதவை என்று பார்த்தால் 1, 6, 11 மூன்றுதான். முதல் ரூட்டருக்கு 1 என்றால் இரண்டாவதற்கு 6 அல்லது 11. அலை அகலம் 20 மெகாஹெர்ட்ஸாகவே இருக்கட்டும். 40 வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும், பக்கத்து வீட்டு வைஃபைகளுக்கு நடுவே அது பெரும்பாலும் தொல்லையைத்தான் கூட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஒன்றுக்கு 36, இன்னொன்றுக்கு அதிலிருந்து தள்ளி வேறு ஒன்று என்று வைத்தால் போதும். அந்த அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. பின்பக்க அறையில் முதலில் காணாமல் போவது அதுதான்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் ஒரு குறை சொல்லப்படும்: 'பின் அறைக்கு வந்துவிட்டேன், போன் இன்னும் முன் அறை ரூட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது.' எந்த ரூட்டரோடு ஒட்டிக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பது போன்தான், ரூட்டர் இல்லை. கையில் இருப்பது நன்றாகத் தேயும் வரை அது அடுத்ததைத் தேடாது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, இரண்டு ரூட்டர்களின் அலை பலத்தையும் கொஞ்சம் குறைப்பது. 'டிரான்ஸ்மிட் பவர்' என்ற இடத்தில் 'ஹை' என்பதை 'மீடியம்' ஆக்கிப் பாருங்கள். கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் ரூட்டரின் சிக்னல் பின் அறையில் தெளிவாகத் தேய்ந்தால்தான் போனுக்கு மாற வேண்டும் என்ற எண்ணமே வரும். பெட்டிகளை அடுத்தடுத்த அறைகளில் வைக்காமல் நல்ல இடைவெளி விட்டு வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

லேப்டாப்பை இரண்டாவது ரூட்டரின் அருகே கொண்டுபோய் இணைத்து, மறுபடி ஐபிகான்ஃபிக் தட்டுங்கள். உங்கள் முகவரி முதல் ரூட்டரின் விநியோக எல்லைக்குள், கேட்வே 192.168.1.1 என்று இருந்தால் வெற்றி. கேட்வே 192.168.1.2 என்று காட்டினால் டிஹெச்சிபி இன்னும் அணையவில்லை. பிரவுசரில் 192.168.1.2 என்று தட்டினால் இரண்டாவது ரூட்டரின் பக்கம் திறக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

மேலே சொன்ன மாற்றங்களைச் செய்யாமல், தெரியாமல் வான் போர்ட்டில் செருகியிருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். நெட் நன்றாகவே வரும், அதனால் பல மாதம் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் பின் அறை போனிலிருந்து முன் அறை டிவிக்குப் படம் அனுப்பப் பார்த்தால் டிவியே பட்டியலில் இருக்காது. பிரிண்டர் 'கிடைக்கவில்லை' என்னும். ஆன்லைன் விளையாட்டில் நண்பர்களோடு சேர முடியாமல் போகலாம். ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு உருவாகி, வாசலில் இரண்டு காவல்காரர்கள் நிற்கிறார்கள். இதைத்தான் டபுள் என்ஏடி என்பார்கள். கேபிளை லான் போர்ட்டுக்கு மாற்றுவதற்கு முன்னால் டிஹெச்சிபி அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டியும் நாம் வாங்கிய நல்ல ரூட்டரும் சேரும் இடத்தில்தான் இந்த இரட்டைக் காவல் பெரும்பாலும் வருகிறது. அங்கே உங்கள் ரூட்டரே பெரியவராக இருக்க வேண்டும் என்றால், நிறுவனத்தின் பெட்டியை 'பிரிட்ஜ் மோடு'க்கு, அதாவது காவல் வேலையை விட்டுவிட்டு இணையத்தை அப்படியே கடத்தும் நிலைக்கு, மாற்ற வேண்டும். சில பெட்டிகளில் நாமே மாற்றலாம், சிலவற்றில் நிறுவனம்தான் மாற்றித் தர வேண்டும். முடியாது என்றால் அதுவே தலைவராக இருக்கட்டும், உங்கள் விலை உயர்ந்த ரூட்டர் ஆக்சஸ் பாயின்ட்டாக வேலை பார்க்கட்டும்.

தனி வீடு வேண்டும் என்றே வான் போர்ட்டில் செருகுகிறவர்களும் உண்டு. ஸ்மார்ட் பல்பு, கேமரா, விருந்தினர் போன் ஆகியவற்றைத் தள்ளி வைக்க நினைப்பவர்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டாவது ரூட்டரின் கருவிகள் வெளியே முதல் ரூட்டரில் இருப்பவற்றை எட்ட முடியும், வெளியே இருப்பவை உள்ளே வர முடியாது. ஆகவே நம்பிக்கையில்லாத கருவிகளை இரண்டாவதில் அல்ல, முதலாவதில் வைத்துவிட்டு, உங்கள் சொந்த லேப்டாப்பை இரண்டாவதில் வைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது இரண்டின் முகவரி வரிசையும் வேறாக இருக்க வேண்டும்: ஒன்று 192.168.1, இன்னொன்று 192.168.2. விருந்தினர் வைஃபை மட்டும் போதும் என்றால் முதல் ரூட்டரில் இருக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்' சுலபம். ஆக்சஸ் பாயின்ட்டாக ஓடும் இரண்டாவது பெட்டியில் அதைப் போட்டால் பல மாடல்களில் பெயருக்குத்தான் தனி, உள்ளே எல்லாம் ஒன்றாகவே இருக்கும்.

கேபிள் இழுக்கவே முடியாது என்றால்

ரிப்பீட்டர் மோடு இருக்கிறது. முதல் ரூட்டரின் வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும். ஆனால் ஒரே ரேடியோவால் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைச் சிக்னலே இல்லாத மூலையில் வைக்காதீர்கள். அங்கே அதற்கே ஒன்றும் கேட்காது, கேட்காததை எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள். பணம் செலவழிக்கத் தயார் என்றால் மெஷ் பெட்டிகள் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகளின் தொகுப்பு) நல்லவை, அதிலும் பெட்டிகளுக்கிடையே பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை உள்ளவை. பழைய ரூட்டருக்கு மேல் மெஷ்ஷைச் சேர்க்கும்போதும் அதே விதிதான், மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள். ஆனால் எப்பாடு பட்டாவது ஒரு கேபிளை இழுக்க முடியுமானால் அதுவே என் சிபாரிசு. கதவு இடுக்கில் தட்டையான கேபிள் ஒன்றை விட்டால்கூடப் போதும்.

கடைசியாக, அந்தத் துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது ரூட்டரின் அடியில் தொழிற்சாலை ஒட்டிய சீட்டு இன்னும் பழைய முகவரியைத்தான் சொல்லும். அதன் மேலேயே '192.168.1.2, டிஹெச்சிபி இல்லை, லான் போர்ட் மட்டும்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாமல் வேறு எங்காவது குறித்து வையுங்கள்.